கதையில் வந்த நீதிமன்றம், கதைக்கு வெளியே நின்ற நீதி: மன்ரோவில் அரும்பொருளகம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒன்றான அலபாமாவில் மன்ரோவில் என்று ஒரு சிற்றூர் உண்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 6,000. பயணிகள் ரயில் கிடையாது. நெடுஞ்சாலையிலிருந்து விலகி, பைன் மரக் காடுகளைக் கடந்து அரைமணி நேரம் உள்ளே போனால்தான் ஊர் வரும். இருந்தாலும் உலகின் பல பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் மக்கள் இங்கு வந்து செல்கின்றனர்.

அவர்கள் பார்க்க வருவது ஊர்ச் சதுக்கத்தின் நடுவே நிற்கும் ஒரு பழைய நீதிமன்றக் கட்டடம். சிவப்புச் செங்கல் சுவர்களும் உச்சியில் வெண்ணிறக் குவிமாடத்துடன் கூடிய மணிக்கூண்டும் கொண்ட அந்தக் கட்டடம் இப்போது மன்ரோ கவுண்டியின் உள்ளூர் வரலாற்று அரும்பொருளகமாக இயங்குகிறது. ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மோக்கிங்பர்ட்' நாவலைப் பள்ளியில் படித்தவர்கள், அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

சிறிய ஊரின் அரும்பொருளகம் என்றால் பழைய கலப்பை, மங்கிய புகைப்படங்கள், யாரோ ஒருவருடைய திருமண உடை என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். மன்ரோவில் அதற்கு மேல் ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஓர் ஊர் தன்னைப் பற்றி எந்தக் கதையைச் சொல்லிக்கொள்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே அந்தக் கேள்வி.

கவுண்டியின் வரலாறு

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களுக்குள் இருக்கும் நிர்வாகப் பிரிவு. நம் பக்கத்து மாவட்டத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். மன்ரோ கவுண்டி 1815ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. அப்போது அலபாமா தனி மாநிலமாகவில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் மன்ரோவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

அந்த நிலம் அதற்கு முன்பு கிரீக் பூர்வகுடியினருடையது. 1814ஆம் ஆண்டு ஜேக்சன் கோட்டை உடன்படிக்கையின்கீழ் அவர்கள் மிகப் பெரிய நிலப்பரப்பை அமெரிக்காவிடம் ஒப்படைக்க நேரிட்டது. அதைத் தொடர்ந்து வெள்ளையர் குடியேறினர். பருத்தித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்க அடிமைகள் கொண்டுவரப்பட்டனர்.

கவுண்டியின் தலைநகரம் முதலில் அலபாமா ஆற்றங்கரையில் இருந்த கிளைபோர்ன். ஆற்றுப் போக்குவரத்தால் செழித்த ஊர் அது. 1832ல் தலைநகரம் மன்ரோவில்லுக்கு மாறியது. நாளடைவில் கிளைபோர்ன் ஆளில்லாத ஊராகிப்போனது.

இப்போது அரும்பொருளகமாக உள்ள நீதிமன்றம் 1903ல் கட்டப்பட்டது. அறுபது ஆண்டுகள் வழக்குகள் அங்கே நடந்தன. 1963ல் பக்கத்திலேயே புதிய நீதிமன்றம் வந்ததும் பழைய கட்டடத்துக்கு வேலை இல்லாமல் போனது. பின்னர் அதைச் சீரமைத்து 1930களில் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்தடுத்த வீட்டில் இரண்டு எழுத்தாளர்கள்

அரும்பொருளகக் காட்சிகளின் மையத்தில் இருப்பவர்கள் இருவர். ஒருவர் நெல் ஹார்ப்பர் லீ. 1926ல் மன்ரோவில்லில் பிறந்தவர். மற்றவர் ட்ரூமன் கப்போட்டி. 1924ல் நியூ ஆர்லியன்சில் பிறந்த அவரைப் பெற்றோர் சிறு வயதில் மன்ரோவில்லில் உள்ள உறவினர் வீட்டில் விட்டுச் சென்றனர்.

இரு வீடுகளும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு தாழ்வான கல்சுவர் மட்டுமே. நெல் மரமேறும் துடுக்கான பெண். ட்ரூமன் வயதுக்கு மீறிய பேச்சுத்திறன் கொண்ட, மெலிந்த சிறுவன். நாவலில் வரும் 'டில்' என்ற பையன் ட்ரூமனின் சாயலில் படைக்கப்பட்டவன்.

பின்னாளில் கப்போட்டி, கேன்சஸ் மாநிலத்தில் ஒரு குடும்பமே கொல்லப்பட்ட சம்பவத்தை ஆராய்ந்து 'இன் கோல்ட் பிளட்' நூலை எழுதினார். 1959ன் இறுதியில் அந்த ஆய்வுக்கு அவருடன் துணைக்குச் சென்றவர் ஹார்ப்பர் லீதான். சிறு வயதில் தன்னை வளர்த்த மூத்த உறவுப்பெண் சுக் ஃபோக்கை மையமாக வைத்து கப்போட்டி எழுதிய 'எ கிறிஸ்மஸ் மெமரி' கதையும் இவ்வூரின் நினைவுகளிலிருந்து பிறந்ததே.

இன்று அந்த இரண்டு வீடுகளும் இல்லை. லீ குடும்பத்தின் வீடு இருந்த இடத்தில் ஐஸ்கிரீமும் பர்கரும் விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் கல்சுவரின் ஒரு பகுதியும் ஒரு நினைவுப் பலகையும் எஞ்சியுள்ளன. வீடுகள் அழிந்த நிலையில், குடும்பத்தார் பாதுகாத்த கடிதங்களும் படங்களும் பொருள்களும் அரும்பொருளகத்தில்தான் காணக் கிடைக்கின்றன. சிற்றூர் அரும்பொருளகங்களின் பெரும் பயன் இது. தேசிய அரும்பொருளகங்கள் கேட்டு வருவதற்கு முன்பே குப்பைக்குப் போயிருக்கக்கூடிய பொருள்களை அவை காத்து வைக்கின்றன.

நீதிமன்ற அறை

மாடியில் உள்ள நீதிமன்ற அறைதான் வருகையாளர்கள் அதிக நேரம் செலவிடும் இடம். நீள்வட்ட வடிவில் அமைந்த அறை அது. நீதிபதியின் மேடை, ஜூரிகளின் இருக்கைகள், மரப்படிகள், மேலே வளைந்து செல்லும் மாடம் என எல்லாம் நாவலில் வருவதைப் போலவே இருக்கின்றன. சரியாகச் சொன்னால், நாவல்தான் இந்த அறையைப் போல இருக்கிறது. ஹார்ப்பர் லீயின் தந்தை ஏ.சி. லீ வழக்கறிஞர். சிறுமி நெல் மாடத்தில் உட்கார்ந்து வழக்கு விசாரணைகளைக் கவனிப்பது வழக்கம்.

நாவலை 1960ல் வெளியிட்டார் லீ. அடுத்த ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1962ல் வந்த திரைப்படத்தில் வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபிஞ்சாக நடித்த கிரெகரி பெக், சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதை வென்றார். படப்பிடிப்புக்கு முன் அவர் மன்ரோவில்லுக்கு வந்து ஏ.சி. லீயைச் சந்தித்தார்.

ஆனால் படம் இவ்வூரில் எடுக்கப்படவில்லை. கலை இயக்குநர் ஹென்றி பம்ஸ்டெட் இங்கு வந்து அறையை அளந்து, படம் பிடித்துச் சென்று, கலிஃபோர்னியாவில் உள்ள யூனிவர்சல் படப்பிடிப்புத் தளத்தில் அதே மாதிரி ஓர் அறையை உருவாக்கினார். படத்தின் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஆகவே படம் பார்த்தவர்கள் திரையில் கண்டது நகல். அசல் மன்ரோவில்லில் இருக்கிறது.

கதையின் சுருக்கம் இதுதான்: 1930களில், மேகோம்ப் என்ற கற்பனை ஊரில், டாம் ராபின்சன் என்ற கறுப்பின ஆடவர்மீது வெள்ளைக்காரப் பெண் ஒருவரைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்படுகிறது. ஆட்டிகஸ் அவருக்காக வாதாடுகிறார். சாட்சியங்கள் அவர் குற்றமற்றவர் என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆயினும் வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கிறது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளர்ந்த இளையர்களுக்கு ஜூரி முறை பழக்கமில்லாதது. சிங்கப்பூரில் 1970 முதல் அது இல்லை. மலேசியாவில் 1995ல் ஒழிக்கப்பட்டது. பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 12 பேர் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ தீர்மானிப்பது என்றால் என்ன என்பது, அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளையும் அவற்றுக்கு எதிரே உள்ள குற்றஞ்சாட்டப்பட்டவரின் இடத்தையும் நேரில் பார்க்கும்போது புரியும். இடைவெளி சில அடிகள்தான்.

கறுப்பினத்தவர் மேலே மாடத்தில் மட்டுமே அமரலாம் என்ற அந்தக் கால விதி, நாவலில் முக்கியமான காட்சி ஒன்றின் பின்னணி. அந்த மாடத்திலிருந்து கீழே பார்த்தால் அறை முழுவதும் தெரியும். கீழே இருப்பவர்கள் முயன்று அண்ணாந்தால்தான் மேலே இருப்பவர்கள் தெரிவார்கள்.

கற்பனைக்குப் பின்னால் உண்மை வழக்குகள்

டாம் ராபின்சன் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவரைப் போன்றவர்கள் இந்த ஊரில் இருந்தனர்.

1933ஆம் ஆண்டு இறுதியில் வால்ட்டர் லெட் என்ற கறுப்பினத்தவர்மீது வெள்ளைக்காரப் பெண் ஒருவரைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் இதே நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார். தீர்ப்பில் சந்தேகம் எழுந்து, உள்ளூர்ப் பிரமுகர்கள் சிலரே ஆளுநருக்கு எழுதினர். தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. லெட் விடுதலை காணவில்லை. 1937ல் காசநோயால் இறந்தார். அவ்வழக்கு நடந்தபோது ஏ.சி. லீ உள்ளூர் வார இதழான 'மன்ரோ ஜர்னல்' ஆசிரியர். அவருடைய மகளுக்கு வயது ஏழு.

அதற்கு முன்பு, 1919ல், இளம் வழக்கறிஞராக இருந்த ஏ.சி. லீ, கடைக்காரர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இரு கறுப்பினத்தவருக்காக வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் அவர் குற்றவியல் வழக்குகளை எடுக்கவில்லை என்று ஹார்ப்பர் லீயின் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

2015ல் வெளியான 'கோ செட் எ வாட்ச்மேன்' நூல் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 'மோக்கிங்பர்ட்'டுக்கு முன்பே எழுதப்பட்ட அந்தப் பிரதியில், முதுமையடைந்த ஆட்டிகஸ் இனப் பாகுபாட்டை ஆதரிப்பவராக வருகிறார். உலகெங்கும் உள்ள வாசகர்கள் பலர் மனமுடைந்தனர். ஆனால் 1950களின் அலபாமாவை அறிந்தவர்களுக்கு அது வியப்பளிக்கவில்லை.

ஊரே நடிக்கும் நாடகம்

1990களின் தொடக்கத்திலிருந்து, ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் ஊர் மக்களே இந்நாவலை நாடகமாக நடிக்கின்றனர். அவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். அன்றாடம் வேறு வேலை பார்க்கும் உள்ளூர்வாசிகள்.

முதல் பாதி நீதிமன்றத்துக்கு வெளியே, புல்வெளியில் அமைக்கப்பட்ட அரங்கில் நடைபெறும். விசாரணைக் காட்சி வந்ததும் பார்வையாளர்கள் எழுந்து உள்ளே, உண்மையான நீதிமன்ற அறைக்குச் செல்வார்கள். ஜூரியாக அமர 12 ஆண்கள் பார்வையாளர்களிலிருந்தே அழைக்கப்படுவார்கள். பெண்களுக்கு இடமில்லை. கதை நடக்கும் காலத்தில் அலபாமாவில் பெண்கள் ஜூரியாக முடியாது. அந்தத் தடை 1966ல்தான் நீங்கியது.

நாடகக் குழு இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் சென்று நடித்திருக்கிறது. குற்றமற்றவரைத் தண்டிக்கும் ஜூரியின் நாற்காலியில் தாமே உட்கார நேர்வது பார்வையாளர்களுக்கு எளிதான அனுபவமன்று. மேடையில் கறுப்பின, வெள்ளையின நடிகர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதும், பாட்டன் காலத்தில் நடந்ததை வாய்விட்டுச் சொல்வதும் ஊருக்குள்ளேயே ஒரு வேலையைச் செய்கின்றன.

பிழைப்பும் புகழும்

இந்நாடகமும் அரும்பொருளகமும் ஊரின் பொருளாதாரத்துக்கும் முக்கியம். 1937 முதல் மன்ரோவில்லின் முதன்மையான வேலையிடமாக இருந்தது வேனிட்டி ஃபேர் உள்ளாடைத் தொழிற்சாலை. 1990களில் அமெரிக்க ஆடைத் தொழில் வெளிநாடுகளுக்கு நகர்ந்தபோது இங்கும் வேலைகள் போயின. அதே பத்தாண்டில், 1997ல், மாநிலச் சட்டமன்றம் மன்ரோவில்லை 'அலபாமாவின் இலக்கியத் தலைநகரம்' என அறிவித்தது. தொழிற்சாலை கொடுத்த வருமானத்தின் ஒரு சிறு பகுதியையாவது இலக்கியம் ஈடுசெய்யும் என்ற எதிர்பார்ப்பு ஊரில் இருந்தது.

அந்தப் புகழைப் பயன்படுத்துவதற்கு எல்லை எது என்பதில் சிக்கல் எழுந்தது. ஹார்ப்பர் லீ விளம்பரத்தை விரும்பாதவர். 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு அவர் பேட்டி கொடுப்பதையே நிறுத்திவிட்டார். 2013ல், தம் நாவலின் பெயரைப் பயன்படுத்தி நினைவுப் பொருள்கள் விற்பதாக அரும்பொருளகத்தின்மீது அவர் தரப்பு வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டில் அது சமரசத்தில் முடிந்தது.

2016 பிப்ரவரியில் தமது 89ஆம் வயதில் லீ காலமானார். அதே ஊரில், தந்தைக்கும் அக்காவுக்கும் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அக்கா ஆலிஸ் லீ, நூறு வயதை எட்டும்வரை வழக்கறிஞராகப் பணியாற்றியவர்.

இவ்வூர் தந்த எழுத்தாளர்கள் இந்த இருவர் மட்டுமல்லர். 2007ல் கருத்துரைக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற கறுப்பினச் செய்தியாளர் சிந்தியா டக்கரும் மன்ரோவில்லில் பிறந்தவரே. இனப் பிரிவினை நிலவிய காலத்தில் இங்கு வளர்ந்தவர் அவர்.

அதே ஊரில் இன்னொரு வழக்கு

நாவல் வந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகு மன்ரோவில்லில் நடந்த ஒன்றை அறியாமல் இந்த அரும்பொருளகத்தைப் பார்த்துத் திரும்பினால் அந்த வருகை பாதிதான்.

1986 நவம்பரில், ஊரில் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்த 18 வயது வெள்ளைக்கார இளம்பெண் கொல்லப்பட்டார். மாதக்கணக்கில் துப்புத் துலங்கவில்லை. 1987ல், மரம் வெட்டி விற்கும் தொழில் செய்துவந்த வால்ட்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர் கைதானார். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் மீன் பொரித்து விற்கும் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. அவர் அங்குதான் இருந்தார் என்று கறுப்பினச் சாட்சிகள் பலர் கூறினர். அது எடுபடவில்லை.

விசாரணை தொடங்கும் முன்பே அவர் மரண தண்டனைக் கைதிகளின் சிறைப் பகுதியில் அடைக்கப்பட்டார். 1988ல் நடந்த விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனை பரிந்துரைத்தது. நீதிபதி அதை ஒதுக்கிவிட்டு மரண தண்டனை விதித்தார். அலபாமா சட்டம் அப்போது அதற்கு இடமளித்தது. அந்த அதிகாரம் 2017ல்தான் நீக்கப்பட்டது.

பிரையன் ஸ்டீவன்சன் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் மேல்முறையீட்டை எடுத்து நடத்தினார். முக்கிய சாட்சி தாம் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார். தற்காப்புத் தரப்பிடமிருந்து ஆதாரங்கள் மறைக்கப்பட்டதும் வெளிவந்தது. 1993 மார்ச்சில் மெக்மில்லியன் விடுதலையானார். மரண தண்டனைப் பகுதியில் அவர் கழித்தது ஆறு ஆண்டுகள். 2013ல் அவர் காலமானார்.

ஸ்டீவன்சன் இவ்வழக்கைப் பற்றி 2014ல் எழுதிய 'ஜஸ்ட் மெர்சி' நூல் 2019ல் திரைப்படமாக வந்தது. ஆட்டிகஸ் ஃபிஞ்சைக் கொண்டாடும் ஊரிலேயே, டாம் ராபின்சனுக்கு நடந்தது போன்ற ஒன்று மீண்டும் நடந்ததை அவர் நூலில் சுட்டிக்காட்டுகிறார்.

இந்த முரண் மன்ரோவில்லுக்கு மட்டும் உரியதன்று. நல்ல கதையைப் போற்றுவதும் அந்தக் கதை கேட்டதைச் செய்வதும் வெவ்வேறு காரியங்கள். நாவலைப் படித்துக் கண்கலங்கிய தலைமுறையிலிருந்தே மெக்மில்லியனின் ஜூரிகளும் வந்திருக்கக்கூடும். அதனாலேயே பழைய நீதிமன்றத்தைப் பார்ப்பவர்கள் இந்த வழக்கையும் தெரிந்துகொண்டு செல்வது நல்லது.

மோண்ட்கோமரியையும் சேர்த்துப் பார்க்கலாம்

மன்ரோவில்லிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் மாநிலத் தலைநகர் மோண்ட்கோமரி உள்ளது. ஸ்டீவன்சன் தொடங்கிய சம நீதி முனைப்பு அமைப்பு 2018 ஏப்ரலில் அங்கு ஓர் அரும்பொருளகத்தையும் நினைவிடத்தையும் திறந்தது.

அமைதிக்கும் நீதிக்குமான அந்த நினைவிடத்தில் 800க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள் தொங்குகின்றன. கும்பல் கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தூண். கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. 1877 முதல் 1950 வரை கொல்லப்பட்ட 4,400க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரை அந்த இடம் நினைவுகூர்கிறது. மன்ரோவில்லை முதலில் பார்த்துவிட்டு இங்கு வருபவர்களுக்கு, ஒரு ஊரின் கதை ஒரு நாட்டின் கதையோடு எங்கே சேர்கிறது என்பது விளங்கும்.

செல்ல விரும்புவோருக்கு

சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ அலபாமாவுக்கு நேரடி விமானச் சேவை இல்லை. அமெரிக்க நகர் ஒன்றில் விமானம் மாறி அட்லான்டா, மோண்ட்கோமரி அல்லது மொபைல் நகருக்குச் செல்லலாம். மோண்ட்கோமரி, மொபைல் இரண்டிலிருந்தும் மன்ரோவில்லுக்குக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. வாடகைக் கார் தேவை. அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

சிங்கப்பூர்க் குடிமக்கள் குறுகியகாலப் பயணத்துக்கு விசா இன்றி, இணையம்வழி 'எஸ்டா' அனுமதி பெற்றுச் செல்லலாம். மலேசியர்கள் விசா பெற வேண்டும்.

சிற்றூர் அரும்பொருளகங்கள் எல்லா நாள்களிலும் திறந்திருப்பதில்லை. நேரங்களும் மாறக்கூடும். புறப்படும் முன் உறுதிசெய்துகொள்வது அவசியம். நாடகத்தையும் பார்க்க எண்ணுவோர் வசந்தகாலத்தைத் தேர்ந்தெடுத்து, நுழைவுச்சீட்டையும் தங்குமிடத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்துவிட வேண்டும்.

பிள்ளைகளுடன் செல்வோர், நாவலை அல்லது படத்தை முன்பே அறிமுகப்படுத்திவிட்டால் அவர்களுக்குச் சலிப்பு ஏற்படாது. அறைகளைச் சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். ஆனால் அங்குள்ள பணியாளர்களிடமும் ஊர் மக்களிடமும் பேச நேரம் ஒதுக்குவது பயனளிக்கும். எழுதி ஒட்டப்பட்ட குறிப்புகளில் இல்லாத பல செய்திகள் அவர்களிடம் உண்டு.

இத்தகைய சிறிய அரும்பொருளகம் எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருக்கலாம். இந்தப் பொருளைக் கொடுத்தது யார்? யாருடைய வீட்டுப் பொருள்கள் இங்கு இல்லை? கண்காட்சி எந்த ஆண்டோடு நின்றுவிடுகிறது? மன்ரோவில்லில் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பவருக்கு, 1930களின் மேகோம்பைத் தாண்டி 1993 மார்ச் மாதம்வரை வர வேண்டியிருக்கும். நம் ஊர்களில் உள்ள மரபுடைமைக் கூடங்களுக்கும் அதே கேள்விகள் பொருந்தும்.